ஊருக்காகக் கழுதையானவள்

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஒரு சிரிப்பிலிருந்து திருடினேன்.

தேர்தலுக்கு மறுநாள் காலை. லவான் குச்செரா தன் பழைய பிக்அப் வண்டியைத் தேவாலயத்தின் முன்னால் நிறுத்தினாள். கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். திரும்பிவந்து வண்டியில் ஏறினாள். சாவியைப் போட்டவள் திருகவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்தாள், தோள்கள் குலுங்கின. எதிர்ச்சாரியில் போய்க்கொண்டிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறர் அழுவதைப் பார்ப்பது எனக்குக் கூச்சம். ஆனால் வண்டியின் கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. வெளியே வந்தது அழுகை இல்லை, சிரிப்பு. அறுபத்துநாலு வயதுப் பெண்மணி, மழை வருமா வராதா என்று நாலு மாதம் வானத்தையே பார்த்துக் கிடந்துவிட்டு முதல் தூறல் விழுந்ததும் சிரிப்பாளே, அப்படி ஒரு சிரிப்பு.

அவள் ஏன் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்கத் தெரியாதவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

2.

தொடக்கம் மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

[நெப்ராஸ்காவின் பரந்த சோள வயல்களின் நடுவே, லிண்டல் என்னும் சிற்றூரில்]

இது அஞ்சலட்டைப் படம். நாங்கள் யாரும் வயலைப் பார்த்து 'பரந்த' என்று சொல்வதில்லை. 'இன்னும் அறுக்கலையா' என்றுதான் சொல்வோம்.

[லவான் தன் கணவனிடம் நாற்பத்தோரு வருடங்களில் முதல் பொய்யை]

இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் பொய் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? நாற்பத்தோரு வருடக் கல்யாணம், ஒரு புதுத் துணியின் விலையைக்கூடவா குறைத்துச் சொல்லியிருக்க மாட்டாள்?

மூன்றாவது தொடக்கம் இது: லிண்டலில் எல்லோரும் யானைக் கட்சி. லவான் மட்டும் கழுதைக் கட்சி. அவளும் கணக்குக் காட்டத்தான்.

இதையே வைத்துக்கொள்கிறேன்.*

* குடியரசுக் கட்சியின் சின்னம் யானை, ஜனநாயகக் கட்சியின் சின்னம் கழுதை. தொலைக்காட்சி வரைபடத்தில் யானைக்குச் சிவப்பு, கழுதைக்கு நீலம். சிவப்பு என்றதும் உங்களுக்கு வேறு கொடி நினைவுக்கு வரும். அந்தச் சிவப்பு இல்லை இது. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்துச் சிவப்பு.

3.

எப்படிக் கழுதையானாள்?

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், எங்கள் மாவட்டமான கவுண்டியின் அலுவலகத்திலிருந்து ஆர்லிஸ் ஹோலுப்புக்குத் தொலைபேசி வந்தது. ஆர்லிஸ்தான் அன்றும் இன்றும் லிண்டல் வாக்குச்சாவடியின் தலைமை. சாவடிக் குழுவில் எல்லோரும் ஒரே கட்சியாக இருக்கக் கூடாது, இன்னொரு கட்சியில் பதிவு செய்த ஒருவராவது வேண்டும் என்பது விதி. இங்கே வாக்காளர் பதிவேட்டில் ஒவ்வொருவரின் கட்சியும் எழுதியிருக்கும். அதுவரை அந்த இடத்தில் இருந்த ரயில்வேக்காரக் கிழவர் செத்துப்போனார். வேறு ஆள் இல்லாவிட்டால் சாவடியை மூடிவிடுவார்கள். ஊரே இருபத்தெட்டு மைல் ரிட்லிக்குப் போய் ஓட்டுப்போட வேண்டும்.

ஆர்லிஸ் தேவாலயத்தின் அடித்தளச் சமையலறையில் ஆறு பெண்களை உட்காரவைத்தாள்.

"யாராச்சும் ஒருத்தி கழுத ஆகணும். சும்மா பேருக்குத்தான். உள்ள போயி யாருக்கு வேணாலும் குத்திக்குங்க, அத எவன் பாக்கப்போறான்?"

"எம் புருஷனுக்குத் தெரிஞ்சா வீட்ட விட்டே தொரத்திருவான்."

"தொரத்தட்டும்டி. ஒரு வாரமாச்சும் நிம்மதியாத் தூங்குவ."

யாரும் முன்வரவில்லை. கடைசியில் சீட்டுக்கட்டை எடுத்தார்கள். இங்கே எந்தத் தகராறும் பிட்ச் ஆட்டத்தில்தான் தீரும். தோற்றவள் கழுதை. லவான் தோற்றாள். ஆர்லிஸ் கட்டின் அடியிலிருந்து சீட்டுப் போட்டாள் என்று இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு.

லவான் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மெர்ல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நல்லதாப் போச்சு. நம்ம கொட்டில்ல மாடு இருக்கு, பன்னி இருக்கு, கோழி இருக்கு. கழுத ஒண்ணுதான் இல்லாம இருந்துச்சு."

"அது வீட்டுக்குள்ள ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் லவான்.

அன்றிலிருந்து அவள் ஊரின் கழுதை. தானியக் கிடங்கில் எடை போடுகிறவன் முதல் பாதிரியார் வரை, "நம்ம எதிர்க்கட்சி எப்படி இருக்கு?" என்றுதான் விசாரிப்பார்கள். அவள் பிறந்தநாளுக்கு ஒரு வருடம் ஆர்லிஸ் ஒரு மூட்டை கேரட் அனுப்பிவைத்தாள்.

4.

(இது கதையில் வர வேண்டிய இடம் இல்லை. ஆனால் இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் சொல்ல முடியாது.)

நாலு வருடத்துக்கு ஒருமுறை தொலைக்காட்சியில் ஒரு ஆள் வரைபடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, எந்தெந்தப் பழமைவாத மாநிலங்கள் கட்சி மாறக்கூடும் என்று விரலால் தொட்டுக் காட்டுவார். டெக்சாஸ் இதோ புரளப்போகிறது என்பார். நான் பிறந்ததிலிருந்து அது புரளப்போகிறது. இந்தியானாவும் வட கரோலினாவும் ஒருமுறை புரண்டு படுத்துவிட்டு, அடுத்த முறை பழைய பக்கமே திரும்பிக்கொண்டன. வர்ஜீனியாவும் கொலராடோவும் புரண்டவை அப்படியே தூங்குகின்றன. மேற்கு வர்ஜீனியா அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அதைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார்கள்.

எங்கள் நெப்ராஸ்கா முழுசாகப் புரண்டு அறுபது வருடம் ஆகிறது. ஆனால் எங்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலத்துக்கு ஐந்து வாக்கு. மாநிலம் முழுக்க ஜெயித்தவருக்கு இரண்டு, மீதி மூன்றும் மூன்று தொகுதிகளுக்கு ஒன்றொன்றாக. அதில் ஒமாஹா நகரம் இருக்கும் தொகுதி மட்டும் சில சமயம் தனியாகப் புரளும், பெரிய கட்டிலில் ஒரு குழந்தை மட்டும் குறுக்கே படுப்பது போல. லிண்டல் அந்தத் தொகுதியின் வால்நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் நிபுணர் தொகுதியைத் தொடும்போதெல்லாம் அவர் விரல்நகம் எங்கள் மேலும் படும்.

அந்த விரலைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும். மாநிலம் எப்படி ஐயா மாறும்? சோளம் ஓட்டுப்போடுமா? மாறுவது யாரோ ஒரு ஆள். அந்த ஆள் ஒரு நாள், ஒரு வேலையின் நடுவில்,

[மாறும் கணம் என்பது]

இல்லை. நான் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். 'கணம் என்பது' என்றெல்லாம் ஆரம்பித்தால் எனக்கே என் எழுத்து அந்நியமாகிவிடுகிறது. லவானிடம் போகிறேன்.

5.

லவான் எப்போது மாறினாள்? அல்லது, மாறினாளா? மாறினாள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் அந்தச் சிரிப்புக்கு நான் எங்கே போவேன்?

பெயருக்குத்தான் கழுதை என்றாலும் பதிவேட்டுக்கு அது தெரியாதே. தேர்தல் வந்தால் கழுதைக் கட்சியின் கடிதங்கள் அவள் பெயருக்குத்தான் வரும். அவள் அவற்றை அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொள்வாள். தொலைபேசியும் வரும். "தப்பான நம்பர்" என்று வைத்துவிடுவாள்.

ஒரு செப்டம்பர் மாலை. பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. மெர்ல் முன்னறையில் தொலைக்காட்சியைத் திட்டிக்கொண்டிருந்தான். தொலைபேசி அடித்தது. ஒமாஹாவிலிருந்து ஒரு பெண் குரல்.*

"மிஸஸ் குச்செரா, நான் ஒண்ணும் பெருசா பேசப்போறதில்லங்க. ஒரே கேள்விதான். இந்தத் தேர்தல்ல உங்களுக்கு எது முக்கியம்?"

"யாருக்கு?"

"உங்களுக்குங்க."

"எனக்கா?"

"ஆமாங்க. உங்களுக்குத்தான்."

லவான் வாயைத் திறந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தப் பக்கத்துப் பெண்ணும் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புதான் லவானை என்னவோ செய்தது. இந்த வீட்டில், இந்த ஊரில், தேவாலயத்தில், அவளிடம் என்ன சமைத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள், முட்டை எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

"என்ன கருகுது?" என்றான் மெர்ல் உள்ளேயிருந்து.

"பீன்ஸ்."

"போன்ல யாரு?"

"தப்பான நம்பர்."

இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அது பொய்யாகியது.

இரண்டு நாள் கழித்து, துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. கேட்டவள் லைனில் இல்லை. ரிட்லி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். அவள் பேத்தி பிறந்தது நெடுஞ்சாலையோரம் வண்டிக்குள், பனி கொட்டும்போது, மெர்ல் தன் கோட்டைக் கழற்றிக் குழந்தையைச் சுற்ற. அதுதான் முக்கியம். அதை யார் சரிசெய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எந்தக் கட்சியும் செய்யாமல் போகலாம். ஆனால் அடுப்புக்குப் போக வேண்டிய கடிதங்களை முதல் தடவையாக உட்கார்ந்து படித்தாள். இரண்டு கட்சிகளின் கடிதங்களையும்தான். படித்துவிட்டு அடுப்பில் போட்டாள்.

* முதல் வரைவில் இது ஒரு இளைஞனின் குரல். இனிமையான குரல் என்றுகூட எழுதியிருந்தேன். பிறகு லவானைச் சந்தையில் பார்த்தேன், எனக்கே வெட்கமாகிவிட்டது. மாற்றிவிட்டேன்.

6.

மெர்ல் எனக்குச் சரியாக வரவில்லை.

[மெர்ல் மேசையைத் தட்டினான். "இந்த வீட்ல நான் சொல்றதுதான்"]

இப்படித்தான் முதலில் எழுதினேன். எழுத சுகமாக இருந்தது. மேசையைத் தட்டுகிற ஆள் இருந்தால் கதைக்கு வேலை குறைவு. ஆனால் மெர்ல் மேசையைத் தட்டி யாரும் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் விடிவதற்குள் எழுந்து லவானின் வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி வைக்கிற ஆள் அவன். முப்பது வருடமாகச் செய்கிறான், ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. வேலியோரத்தில் முழுப் பலகை ஒன்றில் யானைக்கட்சி வேட்பாளர் பெயரை எழுதி நட்டுவைக்கிறவனும் அவன்தான். போன முறை காற்றில் சாய்ந்த பலகையைப் பிடித்து நிறுத்தியவள் லவான்.

அப்படியென்றால் அவளுக்கு என்ன பயம்? அவன் அடிக்கமாட்டான், கத்தவும் மாட்டான். அவன் நொந்துபோவான். அதுவும் அவள் வாயால் கேட்காமல் அடுத்தவன் வாயால் கேட்டால்.

அடுத்தவன் வாய் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? லிண்டலைத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

ஓட்டு ரகசியம்தான். ஆனால் எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று கவுண்டி வெளியிடும். மறுநாள் காலை ஆர்லிஸ் அதை அச்செடுத்துத் தேவாலயக் கதவில் ஒட்டுவாள். போன முறை இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் கழுதைக்கு ஒன்பது. பதிவேட்டில் கழுதை இல்லாவிட்டாலும், அந்த ஒன்பதுக்கும் ஊரில் பெயர் உண்டு. பாதிரியாரும் அவர் மனைவியும் இரண்டு. மாட்டு வைத்தியர் ஒன்று. ஏழாம் வகுப்பு டீச்சர் ஒன்று. பிராண்டல் வீட்டில் நாலு. தபால் கொண்டுவருகிற டெல்பர்ட் ஒன்று. உணவகத்தில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணுவார்கள், சரியாக ஒன்பதில் வந்து நிற்கும். "நம்ம கழுத எங்க?" என்று யாராவது கேட்பார்கள். "அது கட்டுத்தறி கழுதப்பா, மேயாது" என்று இன்னொருவர் சொல்வார். சிரிப்பு.

இந்த முறை பத்து வந்தால்?

பத்தாவதற்கு ஒரு முகம் தேடுவார்கள். ஊரே தேடும். மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். மெர்ல் காபிக்கு வருவது பத்தரைக்கு.

7.

தேர்தல் நாள் வந்துவிட்டது. எனக்கு இந்தப் பகுதி எழுதப் பிடிக்கும், ஏனென்றால் இதை நான் பார்த்தேன். ஓட்டுப்போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அடித்தளக் கூடத்தில் மடக்கு மேசைகள் மேல் அட்டை மறைப்புகள். ஒரு பக்கம் மிளகாய் போட்ட கறிக்கூழும் லவங்கப்பட்டை உருண்டை ரொட்டியும். இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவோம், வெளியூர்க்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஒன்பது மணி இருக்கும், ஆர்லிஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"லவான். அது யாரு வண்டி?"

மெர்லின் வண்டி. பின்னால் யானைக்கட்சி வேட்பாளரின் ஒட்டுத்தாள் ஒரு பாய் அளவுக்கு. சாவடியிலிருந்து இருநூறு அடிக்குள் பிரசாரம் எதுவும் கூடாது.

"தள்ளித்தானடி நிக்குது" என்றாள் லவான்.

"நூத்தித் தொண்ணூறு அடி. காலைலயே டேப்பு புடிச்சு அளந்துட்டேன். போயி எடுக்கச் சொல்லு."

"நீதான தலைமை. நீ சொல்லு."

"நான் யான. நான் எப்படிச் சொல்றது? இந்த மாதிரி நேரத்துக்குத்தான் உன்ன வச்சிருக்கு. எதிர்க்கட்சி ஆட்சேபம், போ."

கூடமே சிரித்தது. லவான் ஏப்ரனோடு வெளியே போனாள். மெர்ல் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன?"

"வண்டிய எடு. ஆட்சேபம் பண்ணுறேன்."

"யாரு?"

"கழுத."

அவன் சிரித்தான். பத்தடி பின்னால் எடுத்தான். "போதுமா அம்மணி?" என்றான். அவள் அங்கேயே நின்றாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இருநூறு அடிக்கோட்டில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"மெர்ல்."

"ம்?"

"கோட்டு போடலயா? குளுருது."

"வண்டிக்குள்ள என்னடி குளுரு."

அவள் உள்ளே வந்துவிட்டாள்.

கூட்டம் ஓய்ந்ததும் குழுவில் இருப்பவர்கள் ஓட்டுப்போட்டார்கள். லவான் வாக்குச்சீட்டை எடுத்துக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மறைப்புக்குக் கீழே அவள் செருப்பு தெரிந்தது. வழக்கமாக ஒரு நிமிடம்கூட ஆகாது அவளுக்கு. அன்று ஆறு நிமிடம். இடது செருப்பின் மேல் வலது செருப்பை ஏற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவுதான் நான் பார்த்தது. செருப்பும் ஆறு நிமிடமும். மீதியை இட்டுக்கட்டுகிறேன் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

8.

மறுநாள் காலை. ஏழே கால்.

[அன்றிரவு முழுவதும் அவள் தூங்கவில்லை] – தூங்கினாளோ என்னவோ. விட்டுவிடுங்கள்.

தொகுதி எந்தப் பக்கம் புரண்டது, நாடு எந்தப் பக்கம் புரண்டது என்பதெல்லாம் உங்களுக்குப் பத்திரிகையில் கிடைக்கும். எந்த வருடத் தேர்தல் என்று நான் வேண்டுமென்றே எழுதவில்லை. லவானும் அதையெல்லாம் பார்க்காமல்தான் வந்தாள். அவள் விரல் நேராக எங்கள் சாவடியின் வரிக்குப் போனது. யானைக்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அதற்குக் கீழே பத்து என்று இருக்கப்போகிறது. அந்தப் பத்தில் தன் முகம் தெரியப்போகிறது.

முப்பத்தெட்டு.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முப்பத்தெட்டுதான்.

ஒன்பதுக்குப் பெயர் உண்டு. தன்னைக் கழித்தால் மீதி இருபத்தெட்டுப் பேர் யார்? தேவாலயத்தில் அவளோடு பாட்டுப் பாடுகிறவர்களா? மெர்லுக்கு உரம் எடை போடுகிறவனா? போன வாரம் அவளுக்குப் பூசணிக்காய் கொண்டுவந்து கொடுத்தவளா? அவளையும் சேர்த்து இருபத்தொன்பது பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு, செருப்பின் மேல் செருப்பை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இத்தனை பேருக்குள் ஒரு முகத்தை யார் தேடுவது?

வண்டிக்குள் ஏறினாள். சாவியைப் போட்டாள். அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

9.

உணவகத்தில் பத்தரை மணிக்கு விரல்கள் போதவில்லை.

"பாதிரியார் வீடு ரெண்டு, பிராண்டல் நாலு… பதினொண்ணு… அப்புறம் யாருய்யா?"

"நானில்ல" என்றாள் ஆர்லிஸ்.

"உன்ன யாரு கேட்டா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

அதற்குமேல் யாரும் எண்ணவில்லை. எண்ணினால் எங்கே போய் நிற்குமோ என்று எல்லோரும் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள். மாட்டு விலை பற்றிப் பேச்சு வந்தது. அவ்வளவு அக்கறையாக மாட்டு விலையைப் பேசி நான் கேட்டதில்லை. மெர்ல் மட்டும் காபியை முடித்து, தொப்பியை எடுத்து, வீட்டுக்குப் போனான்.

இனி நடந்தது எனக்குத் தெரியாது. மூன்று விதமாக எழுதிவைத்திருக்கிறேன்.

(அ) லவான் சொல்லிவிடுகிறாள். மெர்ல் எழுந்து கொட்டிலுக்குப் போகிறான். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "சாப்பிடலாமா?" என்கிறான்.

இது நடக்கக்கூடியது. ஆனால் மெர்லைக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டு, அங்கே அவன் என்ன நினைத்தான் என்று எழுதத் தெரியாமல் தப்பித்துக்கொள்கிறேன்.

(ஆ) மெர்ல் சொல்கிறான்: "முப்பத்தெட்டுல நானும் ஒண்ணு." பனியில் கோட்டைக் கழற்றியவன் அவன்தானே, வார்டு மூடியது அவனுக்கும்தானே வலித்தது. இதை எழுதி முடித்ததும் என் கண்ணே கலங்கிவிட்டது. அதனால்தான் அடித்தேன். வேலியில் அவ்வளவு பெரிய பலகையை நட்டவன் அதை மனசாரத்தான் நட்டான். என் கண் கலங்க வேண்டும் என்பதற்காக அவன் ஓட்டை நான் மாற்றிப்போட்டால், அது கள்ள ஓட்டு.

(இ) லவான் கடைசி நிமிடத்தில் எப்போதும் போடுவது போல யானைக்கே போட்டுவிட்டாள். ஊரின் ஒரே கழுதை அவள். முப்பத்தெட்டுப் பேர் கழுதைக்குப் போட்டிருக்கிறார்கள், அதில் பெயர் பதிந்த கழுதை மட்டும் இல்லை! சிரிக்காமல் என்ன செய்வாள்?

இது தோன்றியபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்தாம் பகுதியில் நான் எழுதிய தொலைபேசி, கருகிய பீன்ஸ், எல்லாம் போய்விடுமே. ஆனால் அந்த ஆறு நிமிடம் இதற்கும் பொருந்துகிறது. யோசித்துப் பார்த்து, யாரும் கேட்காமல் தானே முடிவெடுத்து, எப்போதும் போடுகிற இடத்திலேயே போட்டாலும், அது வழக்கமான ஓட்டு இல்லை. அன்றைக்குத்தான் அது அவளுடையது.

10.

இது மட்டும் உண்மையில் நடந்தது. எப்படித் தெரியும் என்றால், ஊருக்கே தெரியும், ஆர்லிஸ் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து கவுண்டி அலுவலகத்திலிருந்து லவானுக்குத் தொலைபேசி வந்தது.

"மிஸஸ் குச்செரா, நல்ல சேதிங்க. லிண்டல் சாவடிக்கு உங்க கட்சியிலேர்ந்து ரெண்டு பேர் தாங்களா வந்து பேர் குடுத்திருக்காங்க. இத்தன வருஷம் ஊருக்காக இருந்தீங்க. இனிமே உங்களுக்கு விடுதல."

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"அடுத்த தேர்தல்ல பாப்பீங்களே." சிரித்தாள் அந்தப் பெண். "பழைய கட்சிக்கே திரும்பணும்னா ஒரு படிவம் அனுப்புறேன். எந்தக் கட்டத்துல வேணாலும் குறி போடலாம். போடாம அப்படியே விட்டாலும் சரி."

படிவம் வந்தது. லவான் அதைச் சமையலறை மேசையில் வைத்தாள். மெர்ல் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். படிவத்தைப் பார்த்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இதே மேசையில், அவள் சொன்னதைக் கேட்டுத்தான் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

(ஆர்லிஸ் சொன்னது படிவம் வந்தது வரைக்கும்தான். இங்கிருந்து மேசைக்கு நானேதான் வந்து உட்கார்ந்துகொண்டேன்.)

"அப்ப இனிமே வீட்ல கழுத கெடையாதா?" என்றான்.

"ஒண்ணு இருக்கு" என்றாள் லவான், அவனைப் பார்த்து.

அவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தான். பிறகு, நாற்பத்தோரு வருடத்தில் கேட்காததைக் கேட்டான்.

"எதுல போடப்போற?"

கேட்டுவிட்டு அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தான். அடுப்பில் பீன்ஸ் இருந்தது. லவான் எட்டி அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். சொல்வதற்கு அவளிடம் பதில் இருந்தது. அவள் முகத்தில் எனக்குப் பயம் தெரியவில்லை. அது போதும் எனக்கு.

அவள் எந்தக் கட்டத்தைத் தொட்டாள் என்று எழுத வரி விட்டிருந்தேன். எழுதவில்லை. அட்டை மறைப்புக்குள் நான் எட்டிப் பார்க்கவில்லை, இங்கே மட்டும் எதற்கு? நான் போட்டது அந்த முப்பத்தெட்டில் ஒன்றா, நூற்றுத் தொண்ணூற்று மூன்றில் ஒன்றா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதையே நான் உங்களுக்குச் சொல்லவில்லையே.

அடுப்பு அணைந்திருக்கிறது, எதுவும் கருகாது. பேனா மேசையில்தான் இருக்கிறது. நீங்கள் எடுங்கள்.

○ யானை

○ கழுதை

○ எதுவும் இல்லை

போட்டுவிட்டு மடித்துவிடுங்கள். என்னிடம் காட்ட வேண்டாம்.